தாள் மடிப்பும் கலக்கருவும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள மகளுக்கு,

எல்லாக் கலங்களிலும் ஒரே டிஎன்ஏ இருக்க, ஒன்று நரம்பாகவும் மற்றொன்று எலும்பாகவும் ஆவது எப்படி என்று நான் கேட்டதற்கு, "விடை டிஎன்ஏ மடியும் மடிப்பிலும் இருக்கிறது, அப்பா" என்றாய். அந்தச் சொல் என்னை விடவில்லை. புறக்கோட்டை அச்சகத்தில் 30 ஆண்டுகள் தாள் மடித்தவன் அல்லவா நான்.

16 பக்கங்களை ஒரே பெரிய தாளில் அச்சிடும்போது 2ஆம் பக்கமும் 3ஆம் பக்கமும் ஒரு வரிசையின் இரண்டு ஓரங்களில் கிடக்கும். மடித்த பிறகுதான் எதிரெதிரே வந்து அமரும். ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டிஎன்ஏ, கண்ணுக்குத் தெரியாத கலக்கருவுக்குள் மடியும்போதும் இதுவே நடக்கிறது. முளையத்தில் கைகால் அரும்பும் இடத்தில் சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்னும் பரம்பரை அலகை (ஜீனை) இயக்கத் தூண்டும் டிஎன்ஏ துண்டு, அதிலிருந்து ஏறக்குறைய 10 இலட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, வேறொரு பரம்பரை அலகின் நடுவே கிடக்கிறதாம். மடிப்புதான் இரண்டையும் அருகே கொண்டுவருகிறது. கோஹெசின் என்ற மோதிர வடிவப் புரதம் டிஎன்ஏ இழையை இழுத்து வளையமாக்க, சிடிசிஎஃப் என்ற புரதம் அமர்ந்திருக்கும் எல்லையில் அந்த இழுப்பு நிற்கிறது.

ஒருமுறை எங்கள் அச்சகத்தில் ஒரு கட்டுத் தாள் முழுவதும் பிழையாக மடிக்கப்பட்டது. ஒப்புநோக்கியவர் தேடியும் ஓர் எழுத்துப்பிழை இல்லை. ஆனாலும் புத்தகத்தை வாசிக்க முடியவில்லை. பெர்லின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டதை நீ விளக்கியபோது அந்தக் கட்டுத்தான் நினைவுக்கு வந்தது. விரல்கள் குறைபட்டுப் பிறந்தவர்களிடம், பிழையாக இயங்கிய பரம்பரை அலகின் எழுத்துகள் சரியாகவே இருந்தன. இடையிலிருந்த எல்லை அழிந்ததால், அயலில் இருந்த தூண்டி அதனை இயக்கிவிட்டது. எழுத்தில் பிழையில்லாமலே ஒரு குழந்தையின் விரல் மாறிவிடும் என்பதை நினைக்க மனம் கனக்கிறது.

ஆனால் ஓரிடத்தில் என் உவமை பொருந்தவில்லை. நாங்கள் அழுத்திய மடிப்பு அப்படியே நிற்கும். கலக்கருவுக்குள் இழையின் வளையங்கள் உருவாகிக்கொண்டும் அவிழ்ந்துகொண்டும் இருக்கின்றன. அதிலும், 2017இல் ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களிலிருந்து கோஹெசினைத் திடீரென நீக்கியபோது வளையங்கள் மறைந்தும் பெரும்பாலான பரம்பரை அலகுகளின் செயற்பாடு அதிகம் மாறவில்லை என்றாயே. அப்படியானால், ஏற்கனவே ஒன்றாக ஆகிவிட்ட கலத்தைவிட, இன்னும் எதுவாகவும் ஆகாத கலத்துக்குத்தான் மடிப்பு அதிகம் தேவையோ? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதை எனக்கு விளக்கு.

அன்புடன்,
அப்பா