இனுயிட் மக்கள் அன்றே சொன்னார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆர்க்டிக்கில் மறைந்த, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் பிராங்க்ளின் தலைமையிலான பயணக் குழுவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அக்குழுவின் எரபஸ் கப்பல் 2014-லும் டெரர் கப்பல் 2016-லும் கண்டுபிடிக்கப்பட்டதை நவீனக் கருவிகளின் வெற்றியாக மட்டுமே காட்டியிருப்பது வருத்தமளிக்கிறது. 1845-இல் 129 பேருடன் கனடாவின் வடகடலுக்குள் சென்ற அக்குழுவினர் பட்டினியால் மாண்டதையும், இறந்தோரின் உடலை உயிரோடிருந்தவர்கள் உண்ண நேர்ந்ததையும் அப்பகுதிப் பழங்குடியினரான இனுயிட் மக்கள் சொல்லக் கேட்டு ஆய்வுப் பயணி ஜான் ரே 1854-இல் லண்டனுக்கு அறிவித்தபோது, அச்சாட்சியத்தை நம்பத் தகாதது என்று இழித்து எழுதியவர்களில் சார்லஸ் டிக்கன்ஸும் ஒருவர். பிற்காலத்தில் எலும்புகளில் காணப்பட்ட வெட்டுத் தடயங்கள் அம்மக்கள் கூறியதையே உறுதி செய்தன. எரபஸும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுட்டிவந்த பகுதியில்தான் கிடந்தது. டெரர் இருந்த விரிகுடாவுக்கு வழிகாட்டியவரோ சாமி கோக்விக் என்ற இனுயிட் வேட்டைக்காரர்.

பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் வரலாறு கற்பித்த நான், எழுத்தில் இருப்பதே சான்று என்று மாணவர்களிடம் பலமுறை கூறியிருக்கிறேன். டெரர் கிடைத்த செய்தியைப் படித்த பிறகே அக்கருத்தைக் கைவிட்டேன். முதியோரின் நினைவுகளைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்த இனுயிட் வரலாற்றாளர் லூயி கமூகாக்கின் பணியைப் பற்றி, இதே இணைப்பில் இதே அளவு இடம் ஒதுக்கித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.