பூக்கொத்தி போய்விட்டதா, காது போய்விட்டதா?

கோத்தகிரி
மார்கழி 8

அன்புள்ள மணி,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டப் போகிறாய். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, நேரிலேயே திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பச்சைத் தேயிலை விலை வழக்கம்போலத் தரையில் கிடக்கிறது. அண்ணாச்சிக்கு முட்டி தேய்ந்துவிட்டது, வாய் தேயவில்லை. "அந்த புல்லட் விஞ்ஞானி எப்படி இருக்கான்?" என்று உன்னைத்தான் விசாரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன், உன் பறவைக் கணக்கு. "எங்கள் தெருவில் பூக்கொத்தி போய்விட்டது, செண்பகம் போய்விட்டது. மிஞ்சியது காக்கை, மைனா, குயில். பத்து வருஷக் குறிப்பு கையில் இருக்கிறது, கட்டுரையாக எழுதப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எழுதாதே. இன்னும் எழுதாதே.

உன் பட்டியலையே இன்னொரு முறை பார். போனது எது, நின்றது எது? பூக்கொத்தியின் 'சிக்-சிக்' உச்சத்தொனி. செண்பகத்தின், அதாவது செம்போத்தின், 'ஊப் ஊப்' சில நூறு ஹெர்ட்ஸில் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற சுருதிக் கணக்கு) ஒலிக்கும் அடித்தொனி. மேலேயும் கீழேயும் இருப்பவை மட்டும் காணாமல் போயிருக்கின்றன. நடுவில் கத்துபவையும், எந்த இரைச்சலையும் மீறிக் கத்தும் தொண்டை உள்ளவையும் அப்படியே இருக்கின்றன. பூச்சிமருந்தோ பூனையோ சுருதி பார்த்துப் பறவையைக் கொல்லாது. சுருதி பார்த்து அழிப்பவை இரண்டுதான்: தெரு இரைச்சல், நம் வயது.

இரைச்சல் பாதி உனக்குத் தெரிந்ததே. வண்டிச் சத்தத்தின் பலம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. செண்பகம் அதற்குள் மூழ்கிவிடும். பறவைகளும் சும்மா இருப்பதில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில், நம் சாம்பல் சிட்டின் நெருங்கிய உறவுக்காரச் சிட்டு, இரைச்சல் கூடிய இடங்களில் பாட்டின் அடித்தொனியை உயர்த்திப் பாடுவதை 2003-இல் காட்டினார்கள். 2020 ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோவின் வெண்கொண்டைக் குருவிகள், வண்டிகள் அடங்கியதும் மறுபடி கீழ்ச்சுருதிக்கு இறங்கின. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பகல் இரைச்சலுக்கு ஒதுங்கி இராத்திரியில் பாடுகிற ராபின்கள் இருக்கின்றன. ஆகவே காலை 7 மணிக்குக் காபி டம்ளரோடு மொட்டைமாடியில் நின்றுகொண்டு "செண்பகம் இல்லை" என்று நீ எழுதுவது, கூட்டம் கலைந்த பிறகு வந்து ஆள் எண்ணுவது மாதிரி. அது விடியலுக்கு முன்பே கூவி முடித்திருக்கலாம்.

காதுப் பாதிதான் உனக்குப் பிடிக்காது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு முதலில் போவது உச்சத்தொனி. இரைச்சலில் காலம் கழித்தவனுக்கு அதோடு 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் தனியாக ஒரு பள்ளம் விழும். சைலன்சர் இல்லாத புல்லட்டில் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே இளமையைத் தொலைத்தவன் யார் என்று அண்ணாச்சியைக் கேள். பேச்சு நன்றாகக் கேட்கிறது என்று சமாதானம் சொல்லாதே. பேச்சு புரிய 8,000 வரை தேவையில்லை, அதனால் இந்த நஷ்டம் வீட்டில் யாருக்கும் தெரியாது. காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடு, எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் சோதனை. வழக்கமான சோதனை 250-இலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை போகும். "வயசுக்கு நார்மல்" என்பார்கள். அந்த வார்த்தையை நம்பிக் காகிதத்தை மடித்து வைக்காதே. வயசுக்கு நார்மல் என்றால் பறவை எண்ணுவதற்கு நார்மல் என்று அர்த்தமில்லை. 4,000, 6,000, 8,000 மூன்றுக்கும் இரண்டு காதிலும் எத்தனை டெசிபல் என்ற எண்களைத் தனியாக எழுதி வாங்கு.

உச்சத்தொனி சுத்தமாகக் கேட்காமல் போவதில்லை, கேட்கும் தூரம்தான் சுருங்குகிறது. முன்பு 60 மீட்டரில் கேட்ட பூக்கொத்தி இப்போது 30 மீட்டருக்குள் வந்தால்தான் கேட்கிறது என்று வைத்துக்கொள். ஆரம் பாதியானால் பரப்பு கால்வாசி: 1.13 ஹெக்டேர் 0.28 ஹெக்டேராக இறங்கிவிடும். ஒரு பறவைகூடச் சாகாமல் உன் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகும். அதுவும் வருஷத்துக்குக் கொஞ்சமாக, அழகான சரிவுக் கோடாக. எந்தப் பத்திரிகையும் அச்சுப் போட ஆசைப்படும் கோடு! வட அமெரிக்காவில் 1966 முதல் நடக்கும் இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பிலேயே, எண்ணுபவருக்கு வயது ஏற ஏற உச்சத்தொனிப் பறவைகளின் கணக்கு இறங்குவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். உனக்கும் எனக்கும் மட்டும் விலக்கு கிடையாது.

தெரு இரைச்சல், உன் காது, நிஜமாகவே பறவை குறைவது, இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி போதும். ஆடியோமாத் என்றால் மூன்று பென்சில் பேட்டரியும் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும் தான். 48,000 ஹெர்ட்ஸ் வேகத்தில், 16 பிட்டில், ஒற்றைத் தடத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு 5.76 எம்பி. விடிகாலை 4:30 முதல் 8:30 வரை என்றால் ஒரு நாளைக்கு 1.4 ஜிபிக்குள் அடங்கும். 32 ஜிபி கார்டு மூன்று வாரம் தாங்கும். சுருக்காத வேவ் கோப்பாகவே வை. எம்பி3 ஆக்கினால் முதலில் பலியாவது மேல்தொனி. நீ அனுப்பும் வாட்ஸ்அப் ஒலித்துண்டுகளைப் பற்றி இன்னும் என்ன சொல்ல? போன் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை இரைச்சல் என்று வழித்து எறிகிறது. அந்த மிச்சத்தில்தான் உன் பறவை இருக்கிறது. இனிமேல் அனுப்பினால் திறக்கவே மாட்டேன்.

கருவியைச் சுவரில் ஒட்டாதே, சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஏசியின் வெளிப்பெட்டி, தண்ணீர் மோட்டார் இரண்டுக்கும் எட்டத்தில், ஒரு கம்பில் ஒன்றரை மீட்டர் உயரத்தில், முகம் தெருவைப் பார்க்காமல் கட்டு. கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, நடுவில் வை. மேலே ஏற்றினால் பக்கத்தில் உட்கார்ந்து கத்தும் ஒரு காக்கை அந்த நிமிடத்தையே கிழித்துவிடும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் போய்விடும், ஒவ்வொரு முறையும் மறுபடி நேரம் வைக்க வேண்டும். கிரீன்விச் நேரத்தில் விட்டுவிட்டால் காலை 6 மணிப் பதிவு 00:30 என்று பெயர் தாங்கி நிற்கும், பிறகு செண்பகம் நடுராத்திரியில் கூவுகிறது என்று இன்னொரு கட்டுரை எழுதக் கிளம்புவாய்.

ஒரு வாரம் பதிந்த பிறகு, நாளொன்றுக்குப் பத்து வீதம் ஒரு நிமிடத் துண்டுகளைச் சீட்டுக் குலுக்கி எடு. எழுபது துண்டு தேறும். முதலில் திரையை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டு, என்னென்ன பறவை என்று குறி. ஒலியளவை ஒரே இடத்தில் வை, நடுவில் ஏற்றக் கூடாது. மறுநாள் ஒலியை அணைத்துவிட்டு, அதே துண்டுகளை ஸ்பெக்ட்ரோகிராமாக (ஒலியை நேரமும் சுருதியுமாக வரைந்த படம்) கண்ணால் மட்டும் பார்த்துக் குறி. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி மென்பொருள் போதும். அதன் அமைப்பில் விண்டோ 512 அல்லது 1,024, சுருதி அச்சு 12,000 ஹெர்ட்ஸ் வரை. மூன்றாவதாக உன் மாணவர்களில் இருபது வயதுக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்.

கண்ணுக்குத் தெரிந்து, இளங்காதுக்கும் கேட்டு, உனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் குற்றவாளி உன் காது. சந்தேகம் இருந்தால் அந்தத் துண்டைப் பாதி வேகத்தில் ஓடவிடு. 8,000 ஹெர்ட்ஸ் 4,000-க்கு இறங்கும், போய்விட்டதாக நினைத்த ஆள் பேச ஆரம்பிப்பார். திரையின் அடிப்பகுதி முழுக்க இரைச்சலால் வெளிறிப்போய், 4:30-க்குத் தெரிகிற செண்பகம் 7 மணிக்கு அதற்குள் புதைந்திருந்தால் குற்றவாளி தெரு. மூன்று பேருக்கும் எதுவுமே இல்லை என்றால்தான் பறவை குறைந்ததா என்று கேட்கிற உரிமை உனக்கு வரும். பறவைக் குரலை அடையாளம் சொல்லும் பேர்ட்நெட் மென்பொருளை ஓடவிட்டு வேலையை முடித்துவிடலாம் என்று பார்க்காதே. அது மூன்று மூன்று விநாடியாக நறுக்கிப் பார்த்து ஒரு மதிப்பெண் போடும். 0.8 என்றால் நூற்றுக்கு எண்பது சரி என்று பொருள் இல்லை. கரிச்சான் இன்னொரு பறவையின் குரலை எடுத்துவிட்டால் அதுவும் ஏமாறும். துண்டைக் கேட்டுச் சரிபார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் காது வேண்டும்.

இப்போது உன் இரண்டாவது யோசனை. இதே மாதிரி ஒரு கருவியை இங்கே கோத்தகிரியின் லாங்வுட் சோலைக் காட்டில் வைத்து, "அமைதியான இடம்" என்று சென்னையோடு ஒப்பிட வேண்டுமாம். யாருடா சொன்னது சோலை அமைதி என்று? ஓடை ஓடுகிறது. சிள்வண்டு எழும்பினால் மேல்தொனிப் பட்டை முழுக்க அடைபட்டுப் போகும். 116 ஹெக்டேர் காட்டைச் சுற்றித் தேயிலையும் ரோடும். அதற்கும் மேலே, அடர்ந்த இலை உச்சத்தொனியைத்தான் முதலில் உறிஞ்சும். உன் மொட்டைமாடியில் 60 மீட்டர் எட்டுகிற ஒலி இங்கே அத்தனை தூரம் வராது. இரண்டு இடத்துக் கணக்கையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாகச் சிரிக்கும்போது ஒன்று ஆரம்பிக்க மற்றவை சேர்ந்துகொள்ளும், எத்தனை தலை என்று கருவி சொல்லாது. இருக்கிறதா, எப்போது பாடுகிறது என்ற இரண்டுக்கும்தான் அது சாட்சி. எத்தனை என்று கேட்டால் பொய்ச்சாட்சி.

மலையில் கருவியைக் கெடுப்பது மழையைவிட மஞ்சு. மைக்கின் மேலுள்ள மெல்லிய சவ்வில் ஈரம் படர்ந்தால் கருவி சாகாது, மேல்தொனியை மட்டும் இழக்கும். நம்மைப் போலவே அதுவும் காது மந்தமான பிறகும் "எல்லாம் கேட்கிறது" என்று பதிந்துகொண்டே இருக்கும், கோப்பின் அளவு அப்படியே வரும், யாருக்கும் சந்தேகம் தோன்றாது. இதற்கு ஒரு வழி சாவிக்கொத்து. கருவியை மாட்டியதும் ஒரு மீட்டர் தள்ளி நின்று சாவிக்கொத்தைப் பத்து விநாடி குலுக்கு, கழற்றும் முன் அதே மாதிரி இன்னொரு முறை. சாவிச் சத்தத்தில் மேல்தொனி நிறைய உண்டு. இரண்டையும் திரையில் வைத்துப் பார், பின்னது மேற்பக்கம் மங்கியிருந்தால் அந்த வாரப் பதிவில் "கருப்பு-செம்மஞ்சள் ஈப்பிடிப்பான் இல்லை" என்று எழுதக் கூடாது. அதன் பாட்டு அவ்வளவு மெல்லிசு. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போடு. நிறம் மாறினால் 110, 120 டிகிரியில் வாட்டி மறுபடி பயன்படுத்தலாம். குளிரில் சாதாரண பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் வாங்கு. ஆள் உயரத்தில் கட்டினால் குரங்கு விசாரிக்கும், தாழக் கட்டினால் காட்டெருமை முதுகு தேய்க்கும். எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று யோசித்து வை.

வனத்துறை அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு கம்பிகூடக் கட்டப் போவதில்லை, இப்போதே விண்ணப்பம் போடு. பாட்டை ஒலிபரப்பிச் சோலைக்கிளியை (பெயரில்தான் கிளி, சின்னப் பாட்டுப் பறவை) வெளியே இழுத்துக் காட்டுகிறேன் என்று உன் மாணவர்களிடம் பெருமை அடித்திருந்தால் அதையும் வாபஸ் வாங்கு.

மணி, விளையாட்டு இல்லாமல் ஒன்று. காது குறைந்துவிட்டது என்று தெரிந்தால் கணக்கெடுப்பை விட்டுவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. விடாதே. பழைய குறிப்புகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒவ்வொரு வருஷத்துப் பக்கத்திலும் ஆடியோகிராம் எண்களை எழுதி வை, பார்த்தது, கேட்டது இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் போடு. கண்ணால் பார்த்த கணக்கு காதோடு சேர்ந்து அந்த அளவுக்குச் சரியாது. உன் பத்து வருஷத்தில் பார்த்தது தனியாக இருந்தால், அந்த ஒரு கட்டம் மட்டுமே கட்டுரைக்குப் போதும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் இனிமேல் தனியாகப் போகாமல் இளங்காது ஒன்றைக் கூட்டிக்கொண்டு போ, கேட்பதை அது சொல்லட்டும், என்ன பறவை என்று நீ சொல்.

வரும்போது இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் குஞ்சப்பனை செக்போஸ்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கும்பகோணம் டிகிரி காபிப் பொடி ஒரு கிலோ, சிக்கரி கலக்காதது. ஆடியோகிராம் காகிதம் கட்டாயம். அண்ணாச்சிக்கு அதைக் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
சீனு

பி.கு.: உன் எதிர்வீட்டுத் தேன்பழ மரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. அது நிற்கிறதா? பூக்கொத்தி உன் தெருவுக்கு வந்ததே அந்தப் பழத்துக்காகத்தான். மரத்தை வெட்டிவிட்டார்கள் என்றால் முதலில் அந்தத் தேதியைக் கண்டுபிடித்து எழுது, கருவி வாங்குவது அப்புறம்.