எம்6 நெடுஞ்சாலையில் மழையில் மண்டியிட்ட பெரியவருக்கு

சென்ற மாதம் லெஸ்டரிலிருந்து கிளாஸ்கோவுக்கு வீடு மாறும்போது, வாடகை டிரெய்லரைக் காருக்குப் பின்னால் பூட்டி ஓட்டிச் சென்றேன். வழியில் எம்6 நெடுஞ்சாலையின் ஓய்விடம் ஒன்றில் தேநீருக்காக நிறுத்தியபோது, நான் எதுவும் கேட்காமலே நீங்கள் வந்து, டிரெய்லர் காரிலிருந்து பிரிந்தால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கவைக்கும் அவசர பிரேக் கேபிளைச் சுட்டிக்காட்டினீர்கள்.

அதை நான், காரின் பின்புறம் டிரெய்லரைப் பூட்டும் உருண்டையான இழுவைப் பந்தின் கழுத்தில் வெறுமனே சுற்றியிருந்தேன். என் காரின் பந்தோ கழற்றி மாட்டும் வகையைச் சேர்ந்தது. அது பிடிவிட்டுக் கழன்றால் கேபிளும் அதனுடனேயே போய்விடும், டிரெய்லரின் கைபிரேக்கை இழுக்க எதுவும் மிஞ்சாது என்று நீங்கள் சொன்னபோதுதான், பின்னிருக்கையில் தூங்கிய மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

ஈரத்தரையில் மண்டியிட்டு, காரோடு நிலையாகப் பொருத்தப்பட்ட சட்டத்திலுள்ள வளையத்தைக் கண்டுபிடித்து, கேபிளை அதனுள் நுழைத்து, கொக்கியைக் கேபிளின் மீதே திருப்பி மாட்டினீர்கள். மெல்லிய கொக்கியை நேரடியாக வளையத்தில் மாட்டினால், இழுபடும்போது அது நிமிர்ந்துவிடக்கூடும் என்றீர்கள். வளைவுகளில் இறுகாத அளவுக்குத் தளர்வாகவும், சாலையில் உரசாத அளவுக்குக் குட்டையாகவும் இருக்கிறதா என்று இருமுறை பார்த்தீர்கள். டிரெய்லர் பிரிந்தால் கேபிள் முதலில் பிரேக்கை முழுதாகப் பிடிக்கவைத்து, அதன் பிறகே அறுபட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினீர்கள்.

தேநீர்கூட வேண்டாமென்று உங்கள் லாரியில் ஏறிவிட்டீர்கள். பெயரைக் கேட்கத் தவறினேன், ஐயா. அன்றிரவு நாங்கள் பத்திரமாகக் கிளாஸ்கோ சேர்ந்தோம். மனமார்ந்த நன்றி.