தீ வைத்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பகுதியில் ஸ்காட்லாந்தின் டியோரம் கோட்டையைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘ஆங்கிலேயர் பீரங்கியால் தகர்த்துத் தீயிட்ட கோட்டை’ என்று ஒரே வரியில் அதன் வரலாற்றை முடித்துவிட்டார் கட்டுரையாளர். தாங்கள் அறியாததல்ல, அதற்குத் தீ வைக்கச் சொன்னவர் கிளான்ரானால்ட் குலத் தலைவர் ஆலன் மக்டொனால்ட். கோட்டையே அவருடையதுதான்! அவர் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் பக்கம் நின்றவர். 1692 முதல் அரசுப் படை கோட்டையைப் பிடித்து வைத்திருந்தது. ஸ்டூவர்ட் ஆதரவாளர்கள் 1715இல் செய்த கிளர்ச்சியில் அதை மீட்டவர், மறுபடி பகைவர் கைக்குப் போய்விடக் கூடாதென்று தம் முன்னோர் வீட்டைத் தாமே எரிக்கச் செய்துவிட்டுப் போருக்குப் போனார். அந்த நவம்பரில் ஷெரிஃப்முயர் களத்தில் காயம்பட்டு மாண்டார். அங்கே எதிர்ப்படையை நடத்திய ஆர்கைல் கோமகனும் ஸ்காட்லாந்துக்காரர்தான், கேம்பல் குலத் தலைவர். வெள்ளைக்காரன் என்றாலே ஆங்கிலேயன் என்று எழுதும் வழக்கத்தை இந்த வயதில் உங்கள் கட்டுரையாளர் எங்கே விடப்போகிறார்!

பீரங்கி எங்கிருந்து வந்தது என்பது படத்தைப் பார்த்ததும் விளங்கியது. அச்சிட்டிருப்பது எய்லியன் டோனன் கோட்டை. 1719இல் போர்க்கப்பல்கள் சுட்டுத் தகர்த்தது அதைத்தான். இருபதாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டி, பாலமும் போட்டு, காலண்டர்களில் வருவது அது. டியோரத்துக்குப் பாலம் ஏது? கிளாஸ்கோவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது போய்ப் பார்த்தவன் நான். மொய்டார்ட் கடற்கழியில் நீர் வடிந்த பிறகு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடந்தேன். ஓதம் ஏறினால் வழி மூழ்கிவிடும். பாறை வளைகிற இடத்திலெல்லாம் மதிலும் சேர்ந்து வளைகிறது. கல் விழும் அபாயம் என்று பலகை வைத்திருந்தார்கள், உள்ளே போக முடியவில்லை. 1997இல் அதை வாங்கியவர் குடியிருக்கும்படி புதுப்பிக்க அனுமதி கேட்டார். தொல்சின்னத் துறை மறுத்து, பொது விசாரணைவரை போயிற்று. இதையெல்லாம் எழுத இடமில்லாத கட்டுரையில் பேய்க்கதைக்கு மட்டும் அரைப் பக்கம்.

பேயைச் சொன்னதும் நினைவு வருகிறது. தரங்கம்பாடிக் கோட்டையை டச்சுக்காரர் கட்டியதாக எழுதினீர்கள். டென்மார்க்காரர் 1620இல் கட்டியது என்று சான்றுகளோடு எழுதினேன். கடிதத்தில் ‘தங்கள் இதழ் அருமை’ என்ற முதல் வரி மட்டும் அச்சாயிற்று. விலையை ஏற்றினீர்கள், பக்கத்தைக் குறைத்தீர்கள், பொறுத்துக்கொண்டோம். மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் முன்பு இருந்தாரே, அவரையும் குறைத்துவிட்டீர்களா?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும் சரியான படமும் போட்டால் போதும். மூல நோய் விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மயிலாடுதுறை.