மதுவிலக்கு வண்டி ஏலம் நடத்தும் அதிகாரிகளுக்கு ஒரு மெக்கானிக்கின் மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்டு அரசுடைமையான வண்டிகளை மாவட்டந்தோறும் ஏலம் விடும் காவல்துறை அதிகாரிகள் எல்லாருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் இருசக்கர வாகன மெக்கானிக். சொந்தப் பட்டறை வைத்து 19 வருடம் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு முறையாவது ஆயுதப்படை மைதானத்து வெயிலில் நின்று ஏலம் கேட்டிருக்கிறேன். நல்ல வண்டிகளும் எடுத்திருக்கிறேன். காயலான் கடைக்குப் போக வேண்டியதை ஆசைப்பட்டு எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. 'உள்ளது உள்ளபடி' என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறீர்கள், இன்ஜின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது என் வேலை. அதில் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் பணம் கட்டிய பிறகு நடப்பதைப் பற்றியது.

ஏலத்துக்கே வராத ஆட்களும் இதைப் படிக்கலாம் என்பதால் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் அறிவிப்பு வரும். ஏலத்துக்கு ஓரிரு நாள் முன்பு வண்டிகளைப் பார்வையிடலாம். ஆதார் நகலும் முன்பணமும் கொடுத்தால் டோக்கன் கிடைக்கும். நான் கடைசியாக இருசக்கர வண்டிக்குக் கட்டியது 5,000 ரூபாய். வண்டிக்கு வண்டி ஆரம்ப விலை இருக்கும். அதிலிருந்து மேலே கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். முடிந்ததும் கேட்ட தொகையும் அதன் மேல் ஜிஎஸ்டியும் அன்றைக்கே கட்ட வேண்டும். ஏலம் கிடைக்காதவர்களுக்கு முன்பணம் அன்று மாலையே திரும்பி வந்துவிடும். இந்த விஷயத்தில் உங்கள் ஆட்கள் சுத்தம். ஒரு முறைகூட எனக்கு இழுத்தடித்ததில்லை.

ஜிஎஸ்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எத்தனை சதவீதம், கேட்கும் விலைக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அறிவிப்பிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். கையில் 20,000 ரூபாய் வைத்துக்கொண்டு 20,000 வரை கேட்டுவிட்டு, கவுன்டரில் வரியைக் கேட்டதும் முகம் வெளுத்து நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். மீதியைப் புரட்ட அவர்களுக்குச் சாயங்காலம் வரைதான் நேரம். கிடைக்காவிட்டால் முன்பணமும் போச்சு.

சரி, என் கதைக்கு வருகிறேன். எந்த மாவட்டம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் மாறிப் போய்விட்டார்கள், யாரையும் மாட்டிவிடுவதும் என் நோக்கம் இல்லை. ஒரு ஸ்பிளெண்டர் எடுத்தேன். 14,500 ரூபாய், வரி தனி. டேங்க் உள்ளே துரு, டயர் வெடிப்பு, பேட்டரி செத்துப் போயிருந்தது, ஆனால் இன்ஜின் கல்லு மாதிரி இருந்தது. பணம் கட்டினேன், ரசீது வாங்கினேன். விற்பனை ஆணை ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். ஐந்தாவது வாரம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால், ஆணையில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கும் இன்ஜின் நம்பரும் ஒன்றாக இல்லை. ஓரிடத்தில் ஆங்கில 'B' இருக்க வேண்டிய இடத்தில் '8' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அழுக்கும் எண்ணெயும் படிந்த நம்பரை யாரோ தூரத்திலிருந்து படித்திருக்கிறார். டீசல் நனைத்த துணியால் ஒரு துடைப்பு துடைத்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

அந்த ஒற்றை எழுத்தைத் திருத்த நான் உங்கள் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் கோப்பு வேறு மேசைக்குப் போயிருக்கும். நாலு மாதம் அந்த வண்டி தார்ப்பாய் மூடிப் பட்டறை வாசலில் நின்றது. ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் வேலை கெட்டது. கணக்குப் பார்த்தால் நான் 14,500-க்கு எடுக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் எனக்குப் பிறகுதான் புரிந்தது. என் வாடிக்கையாளர் ஒருவர் வழக்கறிஞர். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57ஆம் விதியை எடுத்துப் படித்துக் காட்டினார். அரசு நடத்தும் பொது ஏலத்தில் வண்டி எடுத்தவர், வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை உறுதி ஆணையும், ஏலம் விட அனுமதித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகலும் அதோடு இருக்க வேண்டும். இந்த இரண்டு தாளும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். வண்டியை அன்றைக்கே கொடுத்துவிட்டுத் தாளை ஐந்து வாரம் கழித்துக் கொடுத்தால், நான் விண்ணப்பிக்கும் முன்பே 30 நாள் கெடு முடிந்துவிடுகிறது. சட்டம் எனக்குக் கொடுத்த நேரத்தை உங்கள் மேசையே சாப்பிட்டுவிடுகிறது.

அதே விதியில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. வண்டியில் நம்பர் பிளேட்டே இல்லை, அல்லது இருப்பது பொய் நம்பர் என்று தெரிந்தால், ஏலம் விட்ட துறையின் பெயரில் புது நம்பர் போட்டு, அப்புறம் வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டும். சாராயம் கடத்துகிறவன் அசல் நம்பரோடா போவான்? உங்கள் மைதானத்தில் நிற்கிற வண்டிகளுக்கென்றே எழுதி வைத்த மாதிரியான விதி. ஆனால் 'இந்த வண்டியில் இருப்பது பொய் நம்பர்' என்று ஏலப் பட்டியலில் குறிப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. வாங்கினவன்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் நின்று கண்டுபிடிக்கிறான். அதே நம்பரில் வேறொரு வண்டி வேறொரு ஊரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்று.

வண்டியை வெளியே எடுப்பதும் ஒரு கூத்துதான். ஏலம் முடிந்த கையோடு வாசலில் பெட்ரோல் ஊற்றி, உதைத்துக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இன்சூரன்ஸ் கிடையாது, பெயர் மாறவில்லை, பிரேக் பிடிக்கிறதா என்றே தெரியாது. நாலு தெரு தள்ளி உங்கள் போக்குவரத்துக் காவலரே பிடித்து ஃபைன் போடுகிறார். நான் எப்போதும் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோவேன். அந்த வாடகையையும் சேர்த்துத்தான் ஏலம் கேட்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

பார்வையிட்ட நாளுக்கும் எடுக்கிற நாளுக்கும் நடுவில் பேட்டரி, கார்புரேட்டர், சைடு மிரர் காணாமல் போவதும் உண்டு. 'உள்ளது உள்ளபடி' என்பது பார்வையிட்ட அன்றைக்கு உள்ளதா, எடுக்கிற அன்றைக்கு உள்ளதா? பார்வையிடும் நாளிலேயே வண்டிக்கு நாலு பக்கமும் படம் எடுத்துப் பட்டியலோடு வைத்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். மைதானத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் ஏலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிண்டிகேட். எந்த வண்டியை யார் கேட்பது, யார் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்று அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். அரசு ஏலம் முடிந்ததும் அதே டீக்கடையில் அவர்களுக்குள் இன்னொரு ஏலம் நடக்கும். அதில் ஏறும் விலைதான் வண்டியின் அசல் விலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கருவூலத்துக்கு வர வேண்டிய காசு அது. மறைப்பானேன், நான் முதன்முதலாக ஏலத்துக்குப் போனபோது எனக்கும் 300 ரூபாய் கொடுத்துக் 'கேட்காதே தம்பி' என்றார்கள். வாங்கிக்கொண்டு டீயும் குடித்துவிட்டு வந்தேன். அப்போது அது தப்பு என்றுகூட உறைக்கவில்லை.

புதிதாக ஒருவர் வந்து உறுதியாக நின்றால் விலையைக் கண்டபடி ஏற்றிவிடுவார்கள். பால் ஊற்றும் ஒரு அக்கா ஒரு மொபெட்டுக்காக வந்து நின்றதைப் பார்த்தேன். அவர் 6,000 என்றதும் சிண்டிகேட் ஆள் ஒருவன் நேராக 15,000 என்றான். அக்கா போய்விட்டார். அவன் பணம் கட்டவே இல்லை. முன்பணத்தை விட்டுவிட்டான், வண்டி மறு ஏலத்துக்குப் போனது. 1930ஆம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டப்படி, ஏலம் முடிந்தது என்று அறிவிக்கும்வரை கேட்டவர் பின்வாங்கலாம். அறிவித்த பிறகு பின்வாங்கினால் நடைமுறையில் போவது அந்த முன்பணம்தான். பத்து வண்டியில் லாபம் பார்க்கிறவனுக்கு ஒரு முன்பணம் போனால் என்ன? அப்படி விட்டுவிட்டுப் போகிறவரின் ஆதார் எண் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த இரண்டு மூன்று ஏலத்துக்கு அவருக்கு டோக்கன் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

ஆனால் சிண்டிகேட்டை ஆள் போட்டு விரட்டிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. அவர்களுடைய பலம் மிரட்டலில் கொஞ்சம்தான் இருக்கிறது, மீதி எல்லாம் தாளில் இருக்கிறது. எந்த ஆணை எந்த மேசையில் தேங்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எந்த புரோக்கரைப் பிடித்தால் நகரும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு ஏழு நடை ஆனது அவர்களுக்கு ஒரு போனில் முடியும். சாதாரண ஆள் வண்டியைப் பார்த்துப் பயப்படுவதில்லை, பேப்பரை நினைத்துத்தான் பயப்படுகிறார். அதனால் ஒன்று ஏலத்துக்கு வருவதில்லை, வந்தாலும் 20,000 பெறுமான வண்டிக்கு 12,000-க்கு மேல் கேட்பதில்லை. எனக்கு நாலு மாதம் ஆன அந்த ஸ்பிளெண்டருக்குப் பிறகு நானும் அப்படித்தான் கேட்கிறேன். தாள் ஒழுங்காகக் கைக்கு வரும் என்று தெரிந்தால் கேட்கும் விலை தானாக ஏறும், டீக்கடை ஏலத்தில் பங்கு போட அவ்வளவு மிஞ்சாது.

எல்லாவற்றையும் ஆன்லைனில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள் சிலர். மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. மூலம் அப்படி நிறைய ஏலங்கள் நடக்கின்றன. முன்பணமும் இணையத்தில், கேட்பதும் இணையத்தில், கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். கழிவு வண்டிகளை மொத்தமாகத் தள்ளிவிட அது நல்ல வழி, டீக்கடைப் பேச்சுக்கும் அங்கே வேலை குறைவு. ஆனால் ஒற்றை மொபெட் வாங்க வருகிற பால்கார அக்கா இந்த இணையப் பதிவுக்கெல்லாம் எங்கே போவார்? என்னைக் கேட்டால் ஒற்றை வண்டிகள் மைதானத்திலேயே இருக்கட்டும், பணம் வாங்கும் இடத்தில் ஒரு கியூஆர் அட்டை வையுங்கள். கத்தை கத்தையாக நோட்டோடு அந்தக் கூட்டத்தில் நிற்கும்போது, எங்கள் சட்டைப்பை எவ்வளவு புடைத்திருக்கிறது என்று பார்த்தே எதிராளி விலையை ஏற்றுகிறான்.

வண்டிகள் ஏலத்துக்கு வரும் வேகத்தையும் சொல்லியாக வேண்டும். பிடிபட்ட வண்டிகளைக் காவல் நிலையத்தில் வருடக்கணக்கில் போட்டு வைப்பதால் யாருக்கும் பயனில்லை, யாரும் உரிமை கோராதவற்றை ஏலம் விட நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் உத்தரவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஒரு குஜராத் வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, நீதிமன்றத்துக்கு வரும் பொருளை 14 நாளில் பட்டியலிட்டு, படமெடுத்து, அதன் பின் 30 நாளுக்குள் என்ன செய்வதென்று உத்தரவிடச் சொல்கிறது. மதுவிலக்குச் சட்டத்தின் பறிமுதல் வழி தனி என்பது எனக்கும் தெரியும். வெயிலுக்கும் மழைக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. மூன்று வருடம் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைத்திருக்கும், வயரிங்கை எலி கடித்திருக்கும். ஒரு வருடத்தில் விட்டிருந்தால் 25,000 கேட்டிருப்பேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விற்பனை ஆணையை முன்கூட்டியே தட்டச்சு செய்து வையுங்கள், வாங்கியவர் பெயரும் தொகையும் மட்டும் காலியாக இருக்கட்டும். பணம் கட்டிய கவுன்டரிலேயே அதை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஏலம் விட அனுமதித்த உத்தரவின் சான்றிட்ட நகலோடு சாவியைக் கொடுங்கள். நம்பர் பொய்யா, கடன் பாக்கி ஏறியிருக்கிறதா, பழைய சலான் நிற்கிறதா என்று அரசின் வண்டிப் பதிவு இணையதளமான 'வாகன்' தளத்தில் முன்பே பார்த்துப் பட்டியலில் ஒரு வரி எழுதுங்கள். மதிப்புப் போட வருகிற மோட்டார் வாகன ஆய்வாளரையே இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் படித்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

அடுத்த அறிவிப்பு வந்ததும் முன்பணத்தோடு வருவேன். பார்வையிடும் நாளிலேயே ஒரு பாட்டில் டீசலும் பழைய துணியும் கொண்டு வருகிறேன். உங்கள் எழுத்தரை மட்டும் பட்டியலோடு ஒரு மணி நேரம் என்னுடன் அனுப்புங்கள். நான் துடைக்கிறேன், அவர் படித்து எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
டோக்கன் வாங்கி வரிசையில் நிற்கும் ஒரு மெக்கானிக்