பழங்கணினி ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதந்தோறும் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் உழைக்க வைத்தது ஒரே ஒரு நிரல்தான்: உறுப்பினர் ஒருவர் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வரும், டர்போ பாஸ்கல் என்னும் பழைய நிரல்மொழிக் கருவியில் எழுதிய இருப்புக் கணக்கு. அவருடைய பழைய கணினி பழுதாகிவிடவே, அதைச் சற்றுப் புதிய கணினியில் ஏற்றினார். திரை கறுத்து, 'ரன்டைம் எரர் 200' என்ற ஒற்றை வரியோடு நிரல் நின்றுவிட்டது. பூஜ்யத்தால் வகுத்தால் வரும் பிழை அது. கணக்கில் எங்குமே வகுத்தல் இல்லையே என்று அவர் கலங்கினார். அவர் சொன்னது சரிதான். கோளாறு சிஆர்டி என்னும் நூலகப் பகுதியில் இருந்தது. நிரல் தொடங்கும்போதே அது சுமார் 55 மில்லிவினாடியில் செயலி (பிராசஸர்) ஒரு வெற்றுக் கட்டளைச் சுழலை எத்தனை முறை ஓட்டுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடை 16 பிட் அளவுள்ள இடத்துக்குள் அடங்க வேண்டும். செயலிகள் 200 மெகாஹெர்ட்ஸ் அளவைத் தாண்டியதும் விடை அதில் கொள்ளாமல் போயிற்று. செயலி அதையும் வகுத்தல் பிழையாகவே அறிவிக்கிறது.

நிரலர் எழுதிய மூலநிரல் கிடைத்திருந்தால் சிஆர்டியைத் திருத்தி மறுபடி இயங்கு கோப்பாகத் தொகுத்திருப்போம். அது எவரிடமும் இல்லை. முதலில், பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் வேகத்தைக் குறைத்து ஓட்டினோம். பிறகு இயங்கு கோப்பின் நகலில் அந்த இடத்தை மட்டும் திருத்தினோம். பட்டியல் மீண்டும் திரையில் ஏறியபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

விஷுவல் பேசிக் 6 என்ற நிரலாக்கக் கருவியில் செய்த நிரல்கள் அவ்வளவு தொல்லை தரவில்லை. 1998இல் வந்த அந்தக் கருவிக்கு ஆதரவு 2008இலேயே முடிந்தாலும், அதில் செய்த நிரல்கள் விண்டோஸ் 11இலும் ஓடுகின்றன. நிரல் 32 பிட்டாக இருந்தும் அதைக் கணினியில் ஏற்றும் நிறுவி 16 பிட்டாக இருந்த ஒன்றுதான் சோதித்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடவே தொடாது. நிறுவியை ஒதுக்கிவிட்டு, கோப்புகளைக் கையால் எடுத்து வைத்தோம்.

விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை இணையத்தில் இணைக்கக் கூடாது என்ற தீர்மானத்தில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. அதன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கும் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழையதை ஓட்ட வேண்டுமானால் தனியாக ஓட்டுவோம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு இழப்பையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொகுப்பியின் (மூலநிரலை இயங்கு கோப்பாக்கும் மென்பொருளின்) நெகிழ்வட்டுகள் நம்மிடம் வந்தபோது மூன்றாம் வட்டு படிக்க முடியாத நிலையில் இருந்தது. ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆகவே உறுப்பினர்கள் தங்களிடமுள்ள நிறுவல் வட்டுகளையும் மூலநிரல்களையும் அடுத்த கூட்டத்திற்கே எடுத்துவருமாறு வேண்டுகிறேன். நகலெடுக்கும் கருவி தயாராக இருக்கும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் வழங்கக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்