ஏற்காட்டைவிடத் தாழ்ந்த மலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்குள்ள மலைகள் உயரம் குறைந்தவை, அதனால் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இல்லாத பக்கத்திலும் புதியவர்கள் துணிந்து பனிச்சறுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் ஜப்பான் போகிற காலம் இது. அந்த வரியை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது.

வேலை நிமித்தமாக மூன்று குளிர்காலம் அந்தத் தீவின் சப்போரோ நகரில் இருந்தவன் நான். உயரம் குறைவு என்பது உண்மைதான். பனிச்சறுக்குக்குப் பேர்பெற்ற நிசேகோ அன்னுபுரி மலை 1,308 மீட்டர். நம் ஏற்காடு ஊரே அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் பனி உயரத்தைப் பார்த்து விழுவதில்லை. சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, எதிர்ப்படும் முதல் மலைகளில் கொட்டிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் ஈரம் நம் தலையில் கொட்டுகிற மாதிரிதான். அங்கே அது மழையாக இல்லாமல் பனியாக விழுகிறது. சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்துவிட்டால், பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியும் பனிச்சரிவுக்கு அது போதும். அதற்கு எவரெஸ்ட் வேண்டியதில்லை.

ஒரு பிப்ரவரி ஞாயிறு நாங்கள் நான்கு பேர், ஆயிரம் மீட்டர்கூட இல்லாத ஒரு மலைக்குப் போனோம். நால்வருக்கும் புது வழி. ஏறும்போது ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையின் அடியில் ஒரு ரோமப்பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் வழுக்கும், பின்னால் பிடித்துக்கொள்ளும். பூனையை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்படுமே, அப்படி. யாரோ முன்பே ஏறிய தடம் இருந்தது. சரி, இதுதான் வழி என்று ஒரு மணி நேரம் அதன் பின்னாலேயே போனோம். அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தடம் ஓர் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கியது. கைபேசி குளிரில் அணைந்துவிட்டது. அப்புறம்தான் காகித வரைபடத்தை விரித்தோம். 25,000-க்கு ஒன்று அளவில், 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. எங்களுக்கு மேலே இருந்த சரிவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லை. அப்படியென்றால் 30 டிகிரியைவிடச் செங்குத்து.

பள்ளத்தை விட்டு வெளியே வந்தபோது காலடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தம். மெத்தை ஒன்று சட்டென்று அமுங்கின மாதிரி. பனிக்குள் வலுவில்லாத ஓர் அடுக்கு உடைந்து உட்காருகிற சத்தம் அது. எங்களில் மூத்தவரான ஜப்பானிய நண்பர் ஒன்றும் பேசாமல் பனியில் குழி தோண்டினார். ஒரு பக்கத்தைத் தூண் போல நறுக்கி, அதன் தலையில் மண்வாரியை வைத்து, முதல் பத்துத் தட்டு மணிக்கட்டு அசைய மெதுவாக, பிறகு முழங்கை அசையத் தட்டினார். பன்னிரண்டாவது தட்டில் மேல்பாதி அப்படியே வழுக்கிக்கொண்டு அவர் மடியில் வந்து விழுந்தது. அதன் அடியில் இருந்த பனியை என் உள்ளங்கையில் வைத்தார். சர்க்கரை போல உதிர்ந்தது, ஒட்டவே இல்லை. மேலே இருக்கும் பனி வழுக்கிவிட அதுவே போதும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டோம்.

பனிச்சரிவில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வைக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து உதவி வர அந்த நேரம் போதாது. கூட வந்தவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொருவரும் உடம்பில், புதைந்த இடத்தைச் சிக்னலால் காட்டும் பீக்கன் கருவியும், பையில் பனிக்குள் குத்தித் தேட நீளமான மடக்குக் கம்பியும் தோண்ட மண்வாரியும் வைத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. நிசேகோவில் பனிச்சறுக்குத் தளத்தின் எல்லைக்கு வெளியே போக கேட் உண்டு என்பதோ, அது மூடியிருந்தால் போகவே கூடாது என்பதோகூட இல்லை.

எந்த மாதத்தில் எந்தச் சரிவு எப்படி மாறும் என்பது அந்தந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். நம் ஊர் மலைகளிலும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நம் சென்னைப் பிள்ளைகளையும் பறிகொடுத்தோம். அந்தச் செய்தியை நீங்களும்தான் முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

நான் யாரையும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதமே அந்த மலைக்கு மறுபடி போனோம், மரங்கள் அடர்ந்த மெல்லிய சரிவு வழியாக, வழி தெரிந்த ஒருவரோடு. உச்சியிலிருந்து கடல் தெரிந்தது. அந்தக் காலை இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. இதையெல்லாம் வெளியிட இடமில்லை என்றாலும் பரவாயில்லை, அந்த ஒரு வரிக்கு மட்டும் வரும் இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11